473 கிரெய்ன் எடையுள்ள ஓர் அம்பு

என் வேலை மேசையின் இழுப்பறையில் ஒடிந்த அம்பு ஒன்று கிடக்கிறது. அதன் கார்பன் தண்டு, முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி முறிந்திருக்கிறது. முனையில் இருக்கும் இரண்டு வெட்டு அலகுகளில் ஒன்று, வளைத்த முள்கரண்டியைப் போலப் பின்னோக்கி மடங்கிக் கிடக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில், கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதியில், 38 கெஜத் தொலைவில் பக்கவாட்டில் நின்ற ஓர் ஆண் எல்க் மானின் மீது நான் எய்த அம்பு அது. நான் குறிவைத்த இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னால், தோள்பட்டை எலும்பின் மேட்டில் அது பட்டது. எலும்பில் பட்ட ஓசையை நானும் கேட்டேன், என்னோடு வந்த நண்பரும் கேட்டார். இரத்தத் தடம் இருநூறு கெஜத்துக்குள் நின்றுவிட்டது. அந்தத் தடத்தின் கடைசியில் இந்த ஒடிந்த அம்பு கிடந்தது. இரண்டு நாட்கள் ஆஸ்பென் காட்டை அங்குலம் அங்குலமாகத் தேடினோம்; விலங்கு கிடைக்கவில்லை. தோள்பட்டையில் மட்டும் காயம்பட்டு ஆறிப் பிழைத்துக்கொள்ளும் எல்க்குகள் உண்டு. இதுவும் அப்படிப் பிழைத்திருக்கும் என்று நினைக்கத்தான் விரும்புகிறேன்.

குறி பிசகியது என் தவறு. ஆனால் நான்கு விரற்கடைப் பிசகைத் தாங்கும் அளவுக்கு என் அம்பு தகுதியுடையதாக இருந்ததா என்ற கேள்வி அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னை விடவில்லை. முனையையும் எடையையும் பற்றி அதன் பிறகு நான் படித்தவை, கணக்கிட்டவை, எய்து பார்த்தவை ஆகியவற்றின் பயனாக வந்து சேர்ந்ததுதான் தலைப்பில் உள்ள எண்.

எல்க்கைப் பார்த்திராதவர்களுக்கு அதன் உருவத்தைச் சொல்லிவிடுவது நல்லது. நம் மலைக்காடுகளின் கடமானை நினைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கற்பனை செய்யலாம். ராக்கி மலைகளில் வளர்ந்த ஆண் ஒன்று 300 கிலோவைத் தாண்டும். பிணை 225 கிலோ அளவில் இருக்கும். தோல் தடிப்பானது, மயிர் அடர்த்தியானது, விலா எலும்புகள் அகன்றவை. அமெரிக்க மாநிலங்களிலேயே மிக அதிகமான எல்க்குகள் கொலராடோவில்தான் உள்ளன. வில் வேட்டைக்கு உரிமம், பருவம், பகுதி என்று அனைத்துக்கும் வரையறை உண்டு, உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவதும் குற்றம். (1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதை அறிவேன். இது முழுக்க முழுக்க இந்த ஊர்ச் செய்தி.)

துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை, அறுத்துக் கொல்கிறது. இரண்டு நுரையீரல்களும் அறுபட்டால் இரத்தம் வெளியேறுகிறது, மார்புக்கூட்டுக்குள் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்குகிறது, விலங்கு சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடுகிறது. இதற்கு அம்பு உள்ளே போனால் மட்டும் போதாது, மறுபக்கம் வெளியேயும் வர வேண்டும். மரத்தின் மேலிருந்தோ சரிவின் மேற்புறத்திலிருந்தோ எய்தால், நுழைந்த துளை உயரத்திலும் வெளியேறிய துளை தாழ்விலும் அமையும். இரத்தம் தரையில் விழுவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த துளையின் வழியாகத்தான். ஒரே துளையாக இருந்தால், எல்க்கின் அடர்ந்த மயிரே பெரும்பகுதி இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு தடத்தை மறைத்துவிடும். யானையைத் துளைத்து, புலியின் வழியாகச் சென்று, மானையும் பன்றியையும் உருட்டிவிட்டு, கடைசியில் உடும்பின் உடலில் போய்த் தைத்ததாக வல்வில் ஓரியின் அம்பைப் புகழ்ந்த புலவருக்கு இந்த வேட்டையின் அடிப்படை நன்றாகவே தெரிந்திருக்கிறது. எனக்கு ஐந்து விலங்குகள் வேண்டாம். ஒரே விலங்கின் இரண்டு பக்கமும் போதும்.

அப்படியானால் அம்பு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? இங்கே அம்பின் எடையைக் கிரெய்ன் என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை நிறுவைக்கு வைத்ததைப் போல, இதுவும் தானிய மணி ஒன்றின் எடையிலிருந்து பிறந்த அளவு. ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால், என் அம்பின் எடை 31 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது இருநூற்று முப்பத்தாறு குன்றிமணியை ஒட்டி வரும்.

என் வில் 70 பவுண்டு இழுவிசையுள்ள, கப்பிச் சக்கரங்கள் பொருத்திய காம்பவுண்ட் வில். ஒடிந்த அந்த அம்பு 385 கிரெய்ன் எடை கொண்டது, வேகமானியில் நொடிக்கு 288 அடி காட்டியது. அதே வில்லில் 473 கிரெய்ன் அம்பு 262 அடியும், 600 கிரெய்ன் அம்பு 234 அடியும் காட்டின. இயக்க ஆற்றலைக் கணக்கிடுவதற்குக் கிரெய்ன் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240 என்ற எண்ணால் வகுக்க வேண்டும்; விடை அடி-பவுண்டில் வரும். மூன்று அம்புகளுக்கும் முறையே 71, 72, 73 என்று வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒரே ஆற்றல். எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கு ஈஸ்டன் நிறுவனத்தின் பழைய அட்டவணை சொல்வது 42 முதல் 65 அடி-பவுண்டு. அந்த வரம்பைத் தாண்டித்தான் என் 385 கிரெய்ன் அம்பும் நின்றது, தாண்டித்தான் ஒடிந்தும் போனது. உந்தத்தைக் கணக்கிட்டால் வேறுபாடு புலப்படும். எடையையும் வேகத்தையும் நேரடியாகப் பெருக்கிப் பார்க்கும்போது, முதல் அம்பைவிட இரண்டாவது 12 விழுக்காடும் மூன்றாவது 27 விழுக்காடும் கூடுதல் உந்தத்துடன் செல்கின்றன. தடிப்பான, ஈரமான, இடையிடையே எலும்பு குறுக்கிடும் பொருளுக்குள் எதிர்ப்பைத் தாங்கி முன்னேறுவதில், ஆற்றலை விட உந்தமே நம்பத்தக்க அளவுகோல் என்பதை நான் ஏற்றுக்கொண்டது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான்.

இந்தக் கட்சியின் பெரும் வழக்கறிஞர் டாக்டர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலியாவில் ஆசிய நீர் எருமைகளிலும் அம்புகளின் ஊடுருவலைப் பல ஆண்டுகள் சோதித்து எழுதியவர். கனமான எலும்பை உடைத்துச் செல்வதற்குக் குறைந்தது 650 கிரெய்ன் வேண்டும் என்ற எண்ணை முன்வைத்தவரும் அவரே. எடையைப் பற்றிய எந்த விவாதத்திலும் அந்த எண் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதை மந்திரம் போல் ஓதுபவர்கள், அவர் வரிசைப்படுத்திய பன்னிரண்டு காரணிகளை முழுவதும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் முதலிடம் அம்பும் முனையும் உடையாமல், வளையாமல் இருப்பதற்கு; இரண்டாம் இடம் அம்பு தள்ளாடாமல் நேராகப் பறப்பதற்கு; மொத்த எடைக்குக் கிடைத்திருப்பது ஆறாம் இடம்தான். என் இழுப்பறையில் கிடக்கும் அம்பு முதல் இரண்டிலுமே தோற்றுப் போயிருந்தது என்பதை அந்த வரிசையைப் படித்தபோது புரிந்துகொண்டேன். அதில் 200 கிரெய்ன் எடையைக் கூட்டியிருந்தாலும் அந்த அலகு மடங்கித்தான் இருக்கும்.

எடையைக் கூட்டுவதற்கு ஒரு விலையும் இருக்கிறது. எல்க் வேட்டையில் தொலைவுமானியைக் கண்ணில் வைக்க எப்போதும் நேரம் கிடைப்பதில்லை. குரல் கொடுத்து அழைத்த ஆண், ஸ்புரூஸ் மரங்களுக்கிடையே திடீரென்று வந்து நிற்கும், இரண்டடி நகர்ந்து மீண்டும் நிற்கும், நாம் 40 கெஜம் என்று எண்ணியது 44 ஆக இருக்கும். காற்றுத்தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அந்த நான்கு கெஜப் பிழைக்கு 288 அடி வேக அம்பு 3.7 அங்குலம் தாழ்ந்து படும். 262 அடி வேக அம்பு 4.5 அங்குலமும், 234 அடி வேக அம்பு 5.6 அங்குலமும் தாழும். ஆறு அங்குலத்தை நெருங்கும் பிழை, நுரையீரலின் நடுவைக் குறிவைத்த அம்பை மார்பின் அடிவிளிம்புக்குக் கொண்டுபோய்விடும். எருமையை இருபது கெஜத்தில் எய்பவருக்கு இது பொருட்டே அல்ல. கொலராடோவின் திறந்த புல்வெளி விளிம்புகளில் நாற்பது கெஜம் வரை எய்ய நேரும் எனக்கு இது பெரிய பொருட்டு. ஆகவே 450க்கும் 500க்கும் இடையில் நிற்பது என்று முடிவு செய்தேன். 70 பவுண்டு வில்லுக்கு இது பவுண்டுக்கு ஏழு கிரெய்னுக்குக் கொஞ்சம் குறைவு. வில் நிறுவனங்கள் இதற்குக் கீழே போகாதீர்கள் என்று எச்சரிக்கும் ஐந்து கிரெய்ன் எல்லையிலிருந்து பாதுகாப்பான தொலைவில் இருக்கிறது. வில்லின் ஓசையும் அடங்கிவிட்டது என்பது எதிர்பாராமல் கிடைத்த நன்மை.

473 எப்படி வந்தது என்றால், 28 அங்குலத் தண்டு, அங்குலத்துக்கு 9.5 கிரெய்ன் வீதம் 266, முன்பக்கம் முனையைத் திருகிப் பொருத்தும் பித்தளை இன்சர்ட் 50, முனை 125, மூன்று இறகுகளும் சேர்ந்து 18, நாணில் பொருந்தும் நாக் 9, மிச்சம் பசையும் வண்ணத்தாளும். கூடுதல் எடையின் பெரும்பகுதியை முன்பக்கத்தில் ஏற்றியதால், சமநிலைப் புள்ளி தண்டின் நடுவிலிருந்து அதன் நீளத்தில் 16 விழுக்காடு முன்னால் தள்ளி அமைந்தது. பழைய அம்பில் அது 13. முன்பாரம் கூடினால் தண்டு அதிகம் வளையும் என்பதால் விறைப்பான தண்டுக்கு மாற வேண்டியிருந்தது. தண்டின் விறைப்பை ஸ்பைன் எண்ணால் குறிக்கிறார்கள்: 28 அங்குல இடைவெளியில் தாங்கி வைத்த தண்டின் நடுவே 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறது என்பதே அந்த எண். எண் குறைந்தால் விறைப்பு கூடும். நான் 340இலிருந்து 300க்கு மாறினேன். தண்டை மாற்றாமல் முனையின் எடையை மட்டும் கூட்டிவிட்டு, அம்பு கோணலாகப் பறக்கிறது என்று வில்லைக் குறை சொல்பவர்களை ஒவ்வோர் ஆகஸ்டிலும் பயிற்சித் திடலில் பார்க்கிறேன்.

இனி முனை. வேட்டைக்குரிய அலகு முனையை இங்கே பிராட்ஹெட் என்கிறார்கள். நம் பழம்பாடல்கள் வேலின் அலகை இலை என்றே சொல்லும். சில பிராட்ஹெட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. கொலராடோ சட்டம் கேட்பது மிகக் குறைவு: வெளி அகலம் குறைந்தது ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, குறைந்தது இரண்டு எஃகு வெட்டு விளிம்புகள், ஒவ்வொரு விளிம்பும் முழு நீளத்துக்கும் ஒரே தளத்தில். இதற்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், சந்தையில் நூற்றுக்கணக்கானவை கிடைக்கின்றன.

அடிப்படைப் பிரிவு, விரியும் முனையா, நிலையான முனையா என்பதுதான். விரியும் முனையின் அலகுகள் பறக்கும்போது மடங்கியிருக்கும், உடலில் பட்டதும் பின்னோக்கி விரிந்து இரண்டு அங்குலம் வரை அகலும். பறப்பில் பயிற்சி முனையைப் போலவே நடந்துகொள்ளும், விலாவின் நடுவே பட்டால் திறக்கும் துளையும் பெரிது. அதன் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. ஐடஹோவும் ஒரேகானும் பெருவிலங்கு வேட்டைக்கு அதை நெடுங்காலம் தடை செய்து வைத்திருந்தன. என் குறை தடையைப் பற்றியதன்று. அலகுகளை விரிப்பதற்கே ஆற்றலில் ஒரு பகுதி செலவாகிறது, இரண்டு அங்குல அகலத்தை உள்ளே இழுத்துச் செல்ல மேலும் செலவாகிறது, எலும்பில் படும்போது நீண்ட மெல்லிய அலகு சிறு அச்சாணி ஒன்றை நம்பித் தொங்குகிறது. மானுக்கு அது போதும். என் ஒடிந்த அம்பில் இருந்ததும் அந்த வகைதான்; எல்க்கின் தோள்பட்டை அதன் எல்லையை எனக்குக் காட்டிவிட்டது.

ஒரு கணக்கு என் மனத்தை முழுவதும் மாற்றியது. இரண்டு அங்குல விரியும் முனையின் மொத்த வெட்டு நீளம் இரண்டு அங்குலம். ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவான, அதாவது 1.125 அங்குல அகலமுள்ள முதன்மை அலகும், அதற்குக் குறுக்கே முக்கால் அங்குலத் துணை அலகும் கொண்ட நிலையான முனையின் மொத்த வெட்டு நீளம் 1.875 அங்குலம். வேறுபாடு எட்டில் ஓர் அங்குலம்தான். ஆனால் பின்னது எலும்பைச் சந்திக்கும்போது குறுகிய, கனமான, நகராத அலகோடு சந்திக்கிறது. விளம்பரப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடுவது அகலத்தை மட்டும்தான் என்பதால் இந்தக் கூட்டல் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

நிலையான முனைகளிலும் வேறுபாடுகள் உண்டு. நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பழைய வில்லாளர் ஹோவர்ட் ஹில்லின் விதி; நீண்டு சரிந்த அலகு சாய்தளம் போல வேலை செய்து எளிதாக உள்ளே நழுவுகிறது என்பதே அதன் காரணம். அவர் எய்தது நெடுவில்லில். காம்பவுண்ட் வில்லின் வேகத்தில் அவ்வளவு நீண்ட முனை முன்பக்கத்தில் சிறகு போலக் காற்றைப் பிடித்து அம்பைத் திசைமாற்றும் என்பதால், நான் அதைவிடக் குட்டையான முனையையே வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த முனைகள் உள்ளே செல்லும்போது சுழன்று எலும்பைப் பிளக்கும் என்கிறார்கள், அது உண்மைதான். அதைப் பயன்படுத்துபவர் சாணையின் திசையும் இறகின் சுழற்சித் திசையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் வாங்கவில்லை, வலம் இடம் பார்த்துத் தேர்வதற்கு இன்னொரு கவலையைச் சேர்த்துக்கொள்ள மனமில்லை. எஃகு விஷயத்தில் மட்டும் செலவைப் பார்க்கவில்லை. ஏ2 என்ற கருவி எஃகாலான அலகுகள், மலிவான பொதிகளில் வரும் மெல்லிய மாற்று அலகுகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடிப்பாக இருந்தன. மூன்று முனைகளின் விலைக்கு ஒரு வாரத்துக்கான மளிகை வாங்கலாம் என்று என் மனைவி சொன்னதும் சரியே.

முனையைத் தேர்வதைவிட அதிக நாட்கள் எடுத்தது அதை நேராகப் பறக்க வைப்பதுதான். முதல் நாள் 40 கெஜத்தில் பிராட்ஹெட்டுகள் பயிற்சி முனைகளைவிட ஐந்து அங்குலம் இடப்பக்கம் போய் விழுந்தன. பலர் செய்வது போலக் குறிமுள்ளை நகர்த்திச் சரிக்கட்டியிருக்கலாம். ஆனால் அம்பு வில்லை விட்டுக் கோணலாகப் புறப்படுகிறது என்பதற்கான சான்று அது, அப்படிப் புறப்படும் அம்பு எலும்பில் பக்கவாட்டாகச் சாய்ந்து பட்டு, தன் உந்தத்தைத் தண்டை வளைப்பதில் இழந்துவிடும். அம்புதாங்கியை வலப்பக்கம், அதாவது பிராட்ஹெட் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம், மயிரிழை அளவில் நகர்த்தி நகர்த்தி எய்தேன். மூன்று வார மாலைகளில் இருவகை முனைகளும் ஒரே இடத்தில் பட்டன. பன்னிரண்டில் இரண்டு அம்புகள் மட்டும் அப்போதும் விலகின. உருளைத் தாங்கியில் வைத்துச் சுழற்றியபோது அவற்றின் முனை நடுங்குவது தெரிந்தது. தண்டின் வெட்டுவாயைச் செங்கோணமாகத் தேய்த்து இன்சர்ட்டை மறுபடி ஒட்டியதும் ஒன்று சரியானது. மற்றொன்றைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டேன்.

கூர்மையைப் பற்றி ஒரு சொல். பொதியிலிருந்து எடுக்கும் முனை எல்லாம் கூராக இருக்கும் என்று நம்பக் கூடாது. மழுங்கிய அலகின் முன்னால் இரத்தக் குழாய் வழுக்கி விலகும், கூரான அலகின் முன்னால் விலக நேரமில்லை. நுண்சாணைக் கல்லில் தீட்டி, தோல்பட்டையில் தேய்த்து, முன்கை மயிர் தானாக உதிரும் வரை விடுவதில்லை. அம்பறாத்தூணியின் நுரைப்பஞ்சில் செருகி எடுப்பதே விளிம்பை மெல்ல மழுக்கும் என்பதால், பருவத்தில் ஒவ்வோர் இரவும் கூடாரத்தில் இந்த வேலை உண்டு.

இவை எல்லாம் என் வில்லுக்கு உரிய முடிவுகள். என் மனைவியின் வில் 48 பவுண்டு, இழுநீளம் 26 அங்குலம். 420 கிரெய்ன் அம்பு நொடிக்கு 215 அடியில் புறப்படுகிறது. கணக்கிட்டால் 43 அடி-பவுண்டு. சட்டப்படி 35 பவுண்டு இழுவிசையே போதும், ஈஸ்டன் அட்டவணையின் கீழ்வரம்பையும் ஒரு மயிரிழையில் தாண்டுகிறது. அவளுக்குத் துணை அலகுகூட வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்: ஒற்றைத் துண்டு எஃகில், ஓர் அங்குலம் அகலமுள்ள இரண்டலகு முனை, தொலைவு 25 கெஜத்துக்குள், விலங்கு பக்கவாட்டில் அல்லது சற்றே பின்புறம் காட்டி நின்றால் மட்டும். போன ஆண்டு இந்த வரையறைக்குள் ஒரு பிணையை அவள் எய்தாள். அம்பு முழுவதும் கடந்து மறுபக்கத் தரையில் குத்தி நின்றது. இழுவிசை குறைந்தவர்கள் அதை அகலமான வெட்டால் ஈடுகட்டலாம் என்று கடைகளில் சொல்லப்படும் அறிவுரை தலைகீழானது. ஆற்றல் குறையக் குறைய முனை குறுக வேண்டும்.

எடை கூட்டிய பலரிடம் ஒரு புதுத் துணிச்சலையும் கண்டிருக்கிறேன்: எதிர்முகமாக வரும் எல்க்கை நெஞ்சுக்குழியில் எய்வது. அம்பு அதைத் தாங்கலாம். அந்த இடைவெளி இரு கையகலம் கூட இல்லை, விலங்கோ நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் அந்த அம்பை எய்வதில்லை.

சென்ற செப்டம்பரில், 31 கெஜத்தில், ஐந்து கிளைக் கொம்புடைய ஓர் ஆண் எல்க். அம்பு விலா எலும்பு ஒன்றை வெட்டி நுழைந்து, மறுபக்கம் இன்னொன்றை உரசி வெளியேறி, பின்னால் கிடந்த ஸ்புரூஸ் மரக்கட்டையில் தைத்தது. அரை மணி நேரம் காத்திருந்து போனோம். எழுபது கெஜத்தில் கிடந்தது. கட்டையிலிருந்து முனையைக் கத்தியால் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, துணை அலகில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளவு, நுனியில் வளைவு எதுவும் இல்லை, தண்டு சுழற்றியபோது நடுங்கவில்லை. துணை அலகை மட்டும் மாற்றி, முதன்மை அலகைத் தீட்டி, அதே அம்பை மீண்டும் நிறுத்துப் பார்த்தேன். 471 கிரெய்ன் காட்டியது.